விலாங்கு போல் வளையும் எந்திரக் கை!

மூச்சு முட்டும் இடுக்கில் வர்ணம் அடிக்க மனிதனுக்குப் பதிலாக வந்தது எப்படி?

புதிய கார் ஒன்று தெருவில் வந்து நின்றால் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். பளபளக்கும் மேல் தகட்டில் முகம் பார்க்கிறார்கள்.

ஆனால் வர்ணத்தின் தரத்தை அறிய விரும்புகிறவர் அங்கே பார்க்கக் கூடாது. கதவைத் திறக்க வேண்டும். கீல் இருக்கும் இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். பின்பக்கப் பெட்டியின் மூலையை எட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் வர்ணம் இருக்கிறது! வழியவில்லை. திட்டுத் திட்டாக இல்லை. வெளிப்புறத்தைப் போலவே ஒரே சீராக இருக்கிறது.

கை நுழைவதற்கே இடம் இல்லாத அந்த இடுக்கில் வர்ணம் அடித்தது யார்?

மனிதன் அல்ல. எந்திரக் கை!

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் உள்ள கார் தொழிற்சாலைகளில் இந்த எந்திரக் கைகள் வேலை செய்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998-ம் ஆண்டு. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது 2010-ம் ஆண்டு. நிசான் கார்கள் அந்த ஆண்டு முதலே எண்ணூர் துறைமுகம் வழியாக வெளிநாடு போகத் தொடங்கின. 2001-ல் செயல்படத் தொடங்கிய அந்தத் துறைமுகத்துக்கு 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள்.

எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது பழவேற்காடு. லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், கூனங்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். இந்த ஊர்களில் உள்ளவர்களுக்கு எந்திரக் கையின் அருமையைப் புரியவைப்பது சுலபம். ஏனென்றால், இடுக்கில் உட்கார்ந்து வர்ணம் அடிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

படகின் இடுக்கு

பழவேற்காட்டில் ஒரு காலத்தில் கட்டுமரமும் மரப் படகும்தான். இப்போது எங்கும் ஃபைபர் படகு.

ஃபைபர் படகு துருப்பிடிக்காது. ஆனால் வெயிலும் உப்புத் தண்ணீரும் அதை விடுவதில்லை. மேல் பூச்சு வெளுக்கும். அடிப்பாகம் மணலில் உராய்ந்து தேயும். விரிசல் விட்டால் பிசின் ஊற்றி, கண்ணாடி இழைத் துணி வைத்து ஒட்ட வேண்டும். பிறகு வர்ணம் பூச வேண்டும்.

வெளிப்புறம் பூசுவது கஷ்டம் அல்ல. படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு, கடல் காற்று வாங்கிக்கொண்டே பூசலாம்.

உட்புறம்தான் கஷ்டம். அணியத்துக்குக் கீழே உள்ள அறையில் ஒரு ஆள் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். கையில் பிரஷ், பக்கத்தில் டப்பா. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். கண் எரியும்.

"போதும்டா, வெளியே வந்து காற்று வாங்கு!" என்று கரையில் நிற்பவர் குரல் கொடுப்பார்.

ஏன் தலை சுற்றுகிறது?

வர்ணத்தில் மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று, நிறம் தரும் பொடி. இரண்டு, அதைப் பிடித்து வைக்கும் பிசின். மூன்று, இரண்டையும் இளக்கும் தின்னர். வர்ணம் காய்கிறது என்றால் என்ன அர்த்தம்? தின்னர் ஆவியாகிப் போகிறது என்று அர்த்தம். டாலுவீன், சைலீன் போன்ற திரவங்கள் அதில் இருக்கின்றன. அந்த ஆவிதான் மூக்கில் ஏறுகிறது.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. வெட்டவெளியில் பறந்துவிடும். படகின் பள்ளத்தில் தண்ணீர் போலத் தேங்கும். ஆள் உட்கார்ந்திருப்பதும் அதே பள்ளத்தில்தான்!

ஃபைபர் ஒட்டும் பிசினில் ஸ்டைரீன் என்ற பொருள் இருக்கிறது. அதன் நெடியும் அப்படியே. பழகிவிட்டால் நெடி தெரியாது. நெடி தெரியவில்லை என்பதற்காக நஞ்சு போய்விட்டது என்று அர்த்தம் அல்ல.

மூன்று எதிரிகள்

கார் வர்ணம் இன்னும் கடுமையானது. காரின் மேல் பூச்சுகளில் சில, இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிப்பவை. ஒன்றில் வர்ணம். மற்றொன்றில் அதை இறுகவைக்கும் மருந்து. இந்த மருந்தில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு.

அதைப் புகைபோலத் தெளிக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். அப்படிப்பட்டவர் அந்தத் தொழிலையே விடவேண்டியதுதான்.

இது முதல் எதிரி. பெயர் நஞ்சு.

இரண்டாவது எதிரி தீ. தின்னர் ஆவி காற்றுடன் கலந்து நிற்கும்போது ஒரு சின்னப் பொறி போதும். அறை முழுவதும் வெடிக்கும்.

மூன்றாவது எதிரி இடுக்கு. இடுக்கில் நஞ்சு அதிகமாகத் தேங்குகிறது. தீப்பிடித்தால் ஓடவும் வழி இல்லை.

இந்த மூன்று எதிரிகளும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் முன்பெல்லாம் மனிதன் நின்றான். அவன் கையில் வர்ணத் துப்பாக்கி இருந்தது.

அந்தத் துப்பாக்கியின் கதையே விசித்திரமானது. அமெரிக்காவில் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் இருந்தார். நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க அவர் ஒரு கருவி செய்தார். 1888-ல் அதற்காகக் கம்பெனியும் தொடங்கினார். பிற்பாடு அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தில் வர்ணம் தெளிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். தொண்டையைக் குணப்படுத்த வந்த கருவியின் வாரிசு, வர்ணக்காரனின் தொண்டைக்கே எதிரி ஆயிற்று!

தள்ளுவண்டிக் கம்பெனியின் புதுமை

எந்திரக் கை முதலில் வர்ணம் அடித்தது காருக்கு அல்ல. மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கு!

நார்வே நாட்டில் பிரைனே என்ற சிற்றூர். கடலுக்குப் பக்கத்தில் விவசாயம் செய்யும் ஊர். அங்கே டிரல்ஃபா என்ற கம்பெனி தள்ளுவண்டி செய்து விற்றது. வண்டிகளுக்கு வர்ணம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. புகையும் நெடியும் நிறைந்த அந்த வேலைக்கு யார் வருவார்கள்?

அந்தக் கம்பெனியில் ஓலே மோலாக் என்ற என்ஜினீயர் இருந்தார். "ஆள் வராவிட்டால் எந்திரம் வரட்டும்" என்று முடிவு செய்தார். 1967-ல் அவர் செய்த எந்திரக் கை தள்ளுவண்டிகளுக்கு வர்ணம் அடித்தது.

1969-ல் அதை மற்றக் கம்பெனிகளுக்கும் விற்கத் தொடங்கினார்கள். முதலில் வாங்கியது சுவீடனில் குளியல் தொட்டி செய்யும் கம்பெனி. பிறகுதான் கார் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தன.

இதற்கு முன்பே, 1961-ல், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 'யூனிமேட்' என்ற எந்திரக் கை வேலைக்கு வந்துவிட்டது. ஆனால் அது செய்த வேலை வேறு. அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைத்தது. எடுத்து வைப்பது வேறு. வர்ணம் அடிப்பது வேறு. வர்ணம் அடிக்கக் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றால் வர்ணம் வழியும். ஒரு கணம் முந்தினால் பூச்சு மெலியும்.

அந்த நளினத்தை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

குரு யார்?

ஒரு வர்ணக்காரர்தான்!

தொழில் தெரிந்த வர்ணக்காரர் எந்திரக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக எப்படி வர்ணம் அடிப்பாரோ அப்படியே அதை இழுத்துச் சென்றார். மேலே, கீழே, மூலையில் ஒரு சுழற்சி, விளிம்பில் ஒரு தயக்கம். எல்லாம் காந்த நாடாவில் பதிவாயிற்று. பாட்டைப் பதிவு செய்வதுபோல அவருடைய கைவித்தையைப் பதிவு செய்தார்கள்.

பிறகு நாடாவை ஓட்டினார்கள். எந்திரம் அதே அசைவுகளைத் திரும்பச் செய்தது. நூறாவது வண்டிக்கும் முதல் வண்டியைப் போலவே அடித்தது.

இதில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. கைவித்தை யாருடையது? பலன் யாருக்கு? அதைக் கடைசியில் பார்ப்போம்.

தீப்பொறிக்குக் கட்டிய அணை

எந்திரத்துக்கு மூச்சு முட்டாது. ஆகவே முதல் எதிரியான நஞ்சு தோற்றது. ஆனால் இரண்டாவது எதிரியான தீ?

எந்திரத்தில் மின்சார மோட்டார் இருந்தால் பொறி பறக்கலாம். ஆகவே ஆரம்பக் காலத்தில் எண்ணெய் அழுத்தத்தால் கையை அசைத்தார்கள். மண் வாரும் பொக்லைன் எந்திரத்தின் கை அசைவது போலத்தான் இதுவும்.

ஆனால் எண்ணெய் கசியும். ஒரு சொட்டு விழுந்தால் வர்ணம் கெடும். பிற்பாடு மின் மோட்டாருக்கே மாறினார்கள். அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள்.

கையின் உட்புறம் முழுவதும் சுத்தமான காற்றைச் செலுத்தினார்கள். உள்ளே காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகம். ஆகவே சின்னத் துவாரம் இருந்தாலும் உள்ளிருந்து காற்று வெளியே போகுமே தவிர, தின்னர் ஆவி உள்ளே வராது. அழுத்தம் குறைந்தால் மின்சாரம் தானாகவே நின்றுவிடும்.

எளிய யோசனைதான். ஆனால் இன்றும் வர்ண அறை எந்திரங்களைக் காப்பது இதுதான்.

கை நுழைய எத்தனை மூட்டு?

இனி மூன்றாவது எதிரி. இடுக்கு!

ஓர் இடத்தைத் தொட மூன்று மூட்டு போதும். முன்னே பின்னே, இடது வலது, மேலே கீழே. ஆனால் தொட்டால் மட்டும் போதாது. துப்பாக்கியின் வாய் சரியான பக்கம் திரும்பி இருக்க வேண்டும். அதற்கு இன்னும் மூன்று மூட்டு. ஆக ஆறு மூட்டு.

ஆறு மூட்டு உள்ள கைக்கு ஒரு குறை உண்டு. நுனியை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டால், முழங்கையை விருப்பம்போல அசைக்க முடியாது. நடுவில் கதவுத் தூண் இருந்தால் முழங்கை அதில் இடிக்கும்.

மனிதன் என்ன செய்கிறான்? நீங்களே சோதித்துப் பாருங்கள். உள்ளங்கையை மேஜைமேல் அழுத்தி வையுங்கள். தோளை அசைக்காதீர்கள். இப்போது முழங்கையை மட்டும் மேலே தூக்குங்கள், கீழே இறக்குங்கள். முடிகிறது அல்லவா?

இதற்குக் காரணம், மனிதக் கைக்கு ஏழு வித அசைவு இருக்கிறது. அந்த ஏழாவது அசைவுதான் தடையைச் சுற்றிப்போக உதவுகிறது. இன்று இடுக்கில் வேலை செய்யும் எந்திரக் கைகள் பலவற்றுக்கும் ஏழாவது அசைவு கொடுக்கிறார்கள். சிலவற்றுக்குக் கையிலேயே இன்னொரு மூட்டு. சிலவற்றுக்குத் தண்டவாளம், கை முழுவதும் அதன்மேல் முன்னும் பின்னும் நகரும்.

இன்னொரு தொல்லை குழாய்கள். வர்ணக் குழாய், காற்றுக் குழாய், மின் கம்பி. இவை கைக்கு வெளியே தொங்கினால் கதவில் மாட்டும். அவற்றில் படிந்த தூசு காரில் விழும். ஆகவே மணிக்கட்டையே உள்ளே வெற்றிடமாகச் செய்து, மூங்கிலுக்குள் கயிறு விடுவதுபோல எல்லாக் குழாய்களையும் அதன் வழியே கொண்டுபோனார்கள். கை ஒல்லியாயிற்று. இடுக்கில் நுழைந்தது.

பாம்புக் கை!

சில நிபுணர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "மூட்டு எதற்கு? பாம்பு போல் முழுவதும் வளைந்தால் என்ன?" என்று கேட்டார்கள்.

பழவேற்காடு ஏரியில் விலாங்கு பிடித்தவர்களுக்கு இந்த யோசனை ஆச்சரியமாக இருக்காது. கல் இடுக்கில் விலாங்கு எப்படி நுழைகிறது? தலை போன வழியே உடம்பு முழுவதும் போகிறது. எங்கும் முழங்கை இடிப்பதில்லை!

ஜப்பானில் ஷிகேயோ ஹிரோசே என்ற விஞ்ஞானி பாம்புகள் நகரும் விதத்தை ஆராய்ந்தார். 1972-ல் பாம்பு போல் ஊர்ந்து செல்லும் எந்திரத்தைச் செய்து காட்டினார்.

1980-களில் சுவீடனில் முதுகெலும்பு போன்ற கையை உருவாக்கினார்கள். பல வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே கம்பிகளைக் கோத்தார்கள். ஒரு பக்கக் கம்பியை இழுத்தால் கை அந்தப் பக்கம் வளையும். வர்ணம் தெளிக்கும் வேலைக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் இன்று எல்லாத் தொழிற்சாலைகளிலும் பாம்புக் கைதானா? இல்லை. நீளமான மூங்கிலின் நுனி ஆடுவதுபோல, பாம்புக் கையின் நுனியும் ஆடும். ஒவ்வொரு வில்லையிலும் சிறு பிசகு இருந்தால், நுனிக்கு வருவதற்குள் அது பெரும் பிசகு ஆகிவிடும். வர்ணத்துக்கு அது ஆகாது.

ஆகவே கார் தொழிற்சாலைகளில் ஒல்லியான மூட்டுக் கைதான் வென்றது. அதற்குத் துணையாக இன்னொரு சிறு எந்திரத்தையும் நிறுத்தினார்கள். அதன் வேலை கதவைத் திறந்து பிடித்துக்கொள்வது மட்டுமே! ஒருவர் கதவைப் பிடிக்க, மற்றொருவர் உள்ளே கையை விட்டு வேலை செய்வதுபோல இரண்டும் சேர்ந்து இயங்குகின்றன.

அறை ஏன் குறுகலாக இருக்கிறது?

நீங்கள் கேட்கலாம்: "இவ்வளவு சிரமம் எதற்கு? வர்ண அறையைப் பெரிதாகக் கட்டினால் போதாதா?"

அங்கேதான் கணக்கு இருக்கிறது.

வர்ண அறையில் கூரையிலிருந்து தரையை நோக்கிச் சுத்தமான காற்று இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காரில் ஒட்டாத வர்ணத் துளிகளை அது கீழே தள்ளிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் அவை மறுபடியும் காரில் படியும்.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். காற்று ஒரு விநாடிக்கு 40 சென்டிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 20 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிஷத்துக்கு 1,200 கன மீட்டர்!

இவ்வளவு காற்றையும் வடிகட்ட வேண்டும். குளிர்விக்க வேண்டும். சென்னைப் பக்கத்துக் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தையும் நீக்க வேண்டும். வர்ணப் பிரிவில் மின்சாரத்தையும் எரிபொருளையும் பெரிதும் தின்பது இந்தக் காற்றுதான்.

அறையின் அகலத்தில் ஒரு மீட்டர் குறைத்தால்? விநாடிக்கு 4 கன மீட்டர் காற்று மிச்சம். ஐந்தில் ஒரு பங்கு! இதற்காகத்தான் அறையைக் குறுக்குகிறார்கள். அறை குறுகக் குறுக, எந்திரக் கையும் மெலிய வேண்டியிருக்கிறது.

பழவேற்காட்டுப் 'பாடு' முறை

குறுகிய அறையில் பல எந்திரங்கள். ஒரே காரின் மேல் நான்கு, ஆறு கைகள். ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளாதா?

பழவேற்காடு மீனவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம். வலை போட விரும்புகிறவர்கள் அதிகம். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனால் சண்டைதான். ஆகவே 'பாடு' என்ற முறைப்படி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று இவருக்கு அந்த இடம், நாளை மற்றவருக்கு. ஒருவர் பாட்டில் மற்றவர் வலை விடக்கூடாது. தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு இது.

எந்திரக் கைகளுக்கும் கிட்டத்தட்ட இதே கட்டுப்பாடுதான்! காரைச் சுற்றியுள்ள இடத்தைக் கம்ப்யூட்டர் பாகம் பாகமாகப் பிரிக்கிறது. இரண்டு கைகளும் எட்டக்கூடிய பாகத்தில் ஒரு கை இருந்தால், அது வெளியே வரும்வரை மற்றொரு கை காத்திருக்கும்.

ஆனால் அதிக நேரம் காத்திருக்கவும் முடியாது. மணிக்கு 60 கார்கள் வரும் வரிசையானால், ஒரு காருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிமிஷம். அதற்குள் கதவு திறந்து, உட்புறம் அடித்து, கதவு மூடியாக வேண்டும். எந்தக் கை எப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் திரையில் பலமுறை ஓட்டிப் பார்த்த பிறகே தொழிற்சாலையில் எந்திரத்தை நிறுத்துகிறார்கள்.

தலைமுடியை விடச் சற்றுத் தடிமன்

கார் வர்ணம் ஒரே பூச்சு அல்ல. தகட்டைக் கழுவி, துருப்பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றுகிறார்கள். பிறகு முழுக் காரையும் வர்ணத் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். மூலை முடுக்கெல்லாம் அடிப்பூச்சு ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் நடுப்பூச்சு. அதன்மேல் நிறப்பூச்சு. கடைசியில் கண்ணாடி போன்ற மேல்பூச்சு. இடையிடையே சூளையில் வைத்துச் சுடுகிறார்கள்.

இத்தனை பூச்சும் சேர்ந்து எவ்வளவு தடிமன்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு! மனிதத் தலைமுடியைவிடச் சற்று அதிகம். அவ்வளவுதான்.

இந்த மெல்லிய பூச்சை அடிப்பது சாதாரணத் துப்பாக்கி அல்ல. மணி போன்ற ஒரு சிறு கிண்ணம். நம் வீட்டு மின்விசிறி நிமிஷத்துக்குச் சில நூறு முறை சுற்றும். இந்தக் கிண்ணம் நிமிஷத்துக்கு 30,000 முறைக்கு மேல் சுற்றும்! வர்ணம் பனித்துளியாகச் சிதறும். அந்தத் துளிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றம் கொடுப்பதால், அவை தாமாகவே காரை நோக்கிப் பாயும். சீப்பில் காகிதத் துண்டு ஒட்டுகிறதே, அது போல.

ஆனால் இடுக்கில் இந்த வித்தை பலிக்காது. மின்னேற்றம் பெற்ற துளிகள் விளிம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆழமான மூலைக்குப் போகா. அங்கே மின்னேற்றத்தைக் குறைத்து, கையை நெருக்கமாகக் கொண்டுபோய், சரியான கோணத்தில் அடிக்க வேண்டும். கடைசியில் பார்த்தால், பழைய வர்ணக்காரர் மூலையில் கையைத் திருப்பிய அதே வித்தைதான் அங்கே தேவைப்படுகிறது!

வேலை போயிற்றா?

இப்போது அந்த நியாயக் கேள்விக்கு வருவோம்.

எந்திரக் கை வந்த பிறகு, வர்ணத் துப்பாக்கி பிடித்து நிற்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. அதை மறைப்பதில் பயன் இல்லை. ஏரியில் மீன் குறைகிறது, முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது என்று கவலைப்படும் ஊர்களில், மகனைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் தாய் தகப்பனுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் வர்ணப் பிரிவில் மனிதனே இல்லை என்பதும் உண்மை அல்ல. தகட்டின் இணைப்புகளைச் சரிபார்ப்பது, தேய்ப்பது, விளக்கொளியில் குறை கண்டுபிடிப்பது, கண்ட குறையைச் சரிசெய்வது, இவற்றில் மனிதக் கண்ணும் கையும் வேண்டியிருக்கிறது. எந்திரத்தைக் கழுவவும், பழுது பார்க்கவும், அதற்குப் புதிய கார் வடிவத்தைக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கு இந்த வேலைகள் இருக்கின்றன. ஆக, எந்திரம் ஒரு வாசலை மூடி, வேறொரு வாசலைத் திறந்திருக்கிறது. அந்த வாசலில் நுழையப் படிப்பு என்ற சாவி வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால் அந்தச் சாவி கையில் வராது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எந்திரம் வராத இடுக்குகள் நம் நாட்டில் எத்தனையோ! கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி நச்சுக்காற்றில் உயிர்விட்டவர்கள் பலர். ஆபத்தான முறையில் அப்படி மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. பிறகும் சாவுகள் நிற்கவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்காக 'ஹோமோசெப்' என்ற எந்திரத்தை உருவாக்கினார்கள். தொட்டியின் குறுகிய வாய் வழியே மடக்கிய குடைபோல உள்ளே இறங்கும். உள்ளே போனதும் விரியும். சுழன்று, கட்டிப்போன கழிவைக் கரைக்கும். பிறகு அதை உறிஞ்சி எடுப்பார்கள். 2022-ல் முதல் எந்திரங்களைக் களத்துக்கு அனுப்பியபோது, இந்தத் தொழிலில் கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் கொடுத்தார்கள். உயிரைக் குடித்த தொழில், எந்திரத்தின் உரிமையாளராக அந்தப் பெண்களை ஆக்கியது!

கைவித்தை யாருடையது, பலன் யாருக்கு என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

படகுக்காரர் கவனிக்க வேண்டியவை

குப்பத்துப் படகுக்கு எந்திரக் கை வருமா? இப்போதைக்கு வராது. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வரும் பொருளுக்குத்தான் அது கட்டுப்படியாகும். ஒவ்வொரு படகும் ஒவ்வொரு விதம். பழுதும் ஒவ்வொரு விதம்.

ஆனால் கார் தொழிற்சாலை கற்ற பாடங்கள் படகுக்கும் பொருந்தும். அவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

அணியத்து அறைக்குள் ஒருவர் வேலை செய்தால், வெளியே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவரிடம் அடிக்கடி பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால், அவசரப்பட்டுத் தானும் உள்ளே பாயக் கூடாது. காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வசதியாக முன்பே இடுப்பில் கயிறு கட்டியிருப்பது நல்லது.

சுத்தமான காற்று தொடர்ந்து உள்ளே போக வேண்டும். நெடி நீங்கக் கொஞ்ச நேரம் கழித்தே மறுபடி இறங்க வேண்டும். தீப்பெட்டி, பீடி, அடுப்பு பக்கத்தில் ஆகாது. பொறி பறக்கும் பழைய விசிறியும் வயர் பிய்ந்த விளக்கும் ஆகாது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் தூசு நிற்கும், ஆவி நிற்காது. சாதாரண முகமூடியும் அப்படியே. தின்னர் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். அந்த வடிகட்டியையும் காலத்தில் மாற்ற வேண்டும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் வர்ணத்தை இடுக்குக்குள் துப்பாக்கியால் தெளிக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் தின்னரால் கை கழுவும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. தின்னர் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அதன் பிறகே சோற்றில் கை வைக்க வேண்டும்.

ஒரு கம்பெனி தன் தள்ளுவண்டிக்கு வர்ணம் அடிக்க ஆள் கிடைக்காமல் தவித்தது. அந்தத் தவிப்பிலிருந்து உலகத்துக்கு ஒரு புதுமை பிறந்தது. மனிதன் போகக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதுதான் அதன் தொடக்கம். எந்திரம் வரும்வரை காத்திருக்காமல், அந்த ஒப்புதலை இன்றே நம் கரையிலும் தொடங்கலாம். படகுக்கு மறு பூச்சு உண்டு. நுரையீரலுக்கு இல்லை!